உல்லைக்கு வரும் பஸ்ஸும் கட்டுநாயக்காவுக்குப் போகும் வேனும்

ஏப்ரல் மாதம் முடியும் தறுவாயில் ஒவ்வொரு வருடமும் நான் ஒரே காட்சியைக் காண்கிறேன். அதிகாலையில் கடை திறக்கப் போகும்போது மொனராகலைப் பக்கமிருந்து வரும் பஸ் பொத்துவில் நகரில் நிற்கும். அதிலிருந்து பத்துப் பதினைந்து வாலிபர்கள் தோளில் பையுடன் இறங்குவார்கள். வெலிகம, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ என்று தென்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள். அறுகம்பையில் சீசன் தொடங்குகிறது, சமையலுக்கும் மேசை பரிமாறவும் அறை துப்புரவுக்கும் அலைச்சறுக்கல் சொல்லிக் கொடுக்கவும் ஆள் வேண்டும். அதற்காக வருகிறார்கள்.

அதே நேரத்தில் வீதியின் மறுபக்கத்தில் ஒரு வேன் நிற்கும். அதில் எமது ஊர்ப் பிள்ளைகள் ஏறுவார்கள். உம்மாமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வேன் கட்டுநாயக்காவுக்குப் போகிறது. அங்கிருந்து கட்டார், டுபாய், சவூதி, மாலைதீவு.

எமது ஊரில் வேலை இருக்கிறது என்று நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி ஒருவன் வருகிறான். எமது ஊரில் வேலை இல்லை என்று எமது பிள்ளை கடல் தாண்டிப் போகிறான். இதில் யார் கணக்கு சரி, யார் கணக்கு பிழை? பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் எனக்கு இந்தக் கேள்வி பல வருடமாகவே இருந்தது. 2024 ஒக்டோபரில் அது என் சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தபோதுதான் பேனாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கினேன். அந்த யோசனையைத்தான் வியாபார அன்பர்களாகிய உங்களுடன் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

வெங்காயமும் வேலையாளும்

பொருளியல் படித்தவர்கள் ‘தொழிற்சந்தை ஒருங்கிணைப்பு’ என்று ஒரு சொல் பாவிப்பார்கள். பெயர்தான் பெரிது. விஷயம் நாம் தினமும் செய்வதுதான்.

தம்புள்ளையில் வெங்காயம் மலிவு, அக்கரைப்பற்றில் விலை அதிகம் என்றால் லொறிக்காரன் சும்மா இருப்பானா? ஏற்றிக்கொண்டு வருவான். பாதை திறந்திருந்து, டீசல் கிடைத்து, வழியில் தடை இல்லாவிட்டால் இரண்டு இடத்து விலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றையொன்று நெருங்கும். இரண்டு சந்தை ஒரு சந்தையாகிவிடும். வேலையாளும் இப்படித்தான். கூலி குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு அவன் போகப் பாதை திறந்தால், இரண்டு இடத்துத் தொழிற்சந்தையும் ஒன்றாகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வெங்காயம் தம்புள்ளைக்குத் திரும்பிப் போகாது, சம்பளத்தை ஊருக்கு அனுப்பவும் மாட்டாது. வேலையாள் இரண்டையும் செய்வான்.

யுத்த காலத்தில் எமது பகுதிக்கு வரும் பாதையில் எத்தனை சோதனைச் சாவடிகள் இருந்தன என்பது பழைய வியாபாரிகளுக்கு ஞாபகமிருக்கும். சாமான் லொறியே வருவதற்குத் தயங்கிய காலத்தில் வெளியூர் வேலையாள் எப்படி வருவான்? 2004 டிசம்பர் சுனாமியில் உல்லையே சிதைந்து போனது. பின்னர் அமெரிக்க உதவியுடன் அறுகம்பைப் பாலம் புதிதாகக் கட்டப்பட்டது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. பாதைகள் திறந்தன. பயணியும் வந்தான், பணம் போடுபவனும் வந்தான், அவர்களுக்குப் பின்னால் வேலையாளும் வந்தான்.

இறைவன் தந்த இரண்டு சீசன்

இலங்கையின் சுற்றுலாவில் ஒரு விசேடம் உண்டு. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, தென்கரையும் மேற்குக் கரையும் மழையும் கடல் கொந்தளிப்புமாக இருக்கும். அப்போது கிழக்குக் கரையில் வெயில். ஆகவே அறுகம்பைக்கு மே தொடக்கம் ஒக்டோபர் வரை சீசன். நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை தென்கரைக்குச் சீசன், எமக்கு மழை. ஒரு கரை மூடும்போது மறு கரை திறக்கிறது. உலகில் பல நாடுகளுக்கு இந்த வசதி கிடையாது. ஸ்பெயினிலும் கிரேக்கத்திலும் கடற்கரை ஊர்கள் பல குளிர்காலத்தில் கதவைப் பூட்டிவிட்டு அடுத்த கோடை வரை காத்திருக்கின்றன.

இந்த இரண்டு சீசனையும் முதலில் புரிந்துகொண்டவன் தென்கரை வாலிபன்தான். வெலிகமவில் ஆறு மாதம், அறுகம்பையில் ஆறு மாதம் என்று அவன் வருடம் முழுவதும் உழைக்கிறான். எமது பிள்ளையோ உல்லையில் ஆறு மாதம் உழைத்து, மீதி ஆறு மாதம் சந்தியில் நின்று, கையிலுள்ளது தீர்ந்ததும் பாஸ்போட் எடுக்க ஓடுகிறான். அறிவில் எமது பிள்ளை குறைந்தவனல்ல. அவனுக்கு யாரும் மறு கரையைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

கடன் கொப்பி சொல்லும் பாடம்

என்னிடம் பொருளியல் பட்டம் இல்லை, கடன் கொப்பி இருக்கிறது. கடன் கொப்பியைப் போல உண்மை பேசும் புத்தகத்தை நான் இதுவரை காணவில்லை.

உல்லையிலுள்ள விடுதிகளுக்கு முட்டை, மா, சீனி, டின் சாமான், எண்ணெய் என்று நான் கொடுக்கிறேன். அது ஒரு கணக்கு. அந்த விடுதிகளில் வேலை செய்பவர்கள் என் கடையில் வாங்குவது இன்னொரு கணக்கு. வெளியூரிலிருந்து வந்த ஊழியர் சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட், தொலைபேசி அட்டை என்று வாங்குவார். மாதக் கடைசியில் வங்கிக்குப் போய் மீதியை ஊருக்கு அனுப்பிவிடுவார். அது அவர் உழைப்பு, அவர் உரிமை. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஊர் ஊழியர் ஒருவர் பால்மா வாங்குகிறார், பிள்ளைக்குக் கொப்பி வாங்குகிறார், பெருநாளுக்குத் துணி எடுக்கிறார், வீட்டுக்கு ஒரு அறை கட்ட சீமெந்து வாங்குகிறார். அவர் சம்பளம் என் கடை, துணிக்கடை, ஹார்ட்வெயார், பாமசி, ஓட்டோக்காரர் என்று ஐந்தாறு கை மாறித்தான் ஊரை விட்டு வெளியேறும்.

ஆகவே ஒரு ஊருக்குச் சுற்றுலா வந்துவிட்டது என்பதனால் மட்டும் அந்த ஊர் முன்னேறிவிடாது. பயணி விட்டுச் செல்லும் ரூபா ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது என்பதே கேள்வி. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வேலை யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான்.

பாசிக்குடாவை எல்லோரும் அறிவீர்கள். யுத்தத்துக்குப் பின்னர் அரசாங்கம் அதனைச் சுற்றுலா வலயமாக்கியது. 2011 தொடக்கம் பெரிய உல்லாச விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. கட்டடங்கள் அழகாக எழும்பின. ஆனால் வேலையில் உள்ளூரவருக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை, மீனவர்கள் தோணி கட்டும் இடம் சுருங்கிவிட்டது என்ற முறைப்பாடுகளும் கூடவே எழும்பின. முதலாளிமாரிடம் கேட்டால், பயிற்சி பெற்றவர்கள் அங்கு இல்லை, ஆங்கிலமும் சிங்களமும் பேசத் தெரிந்தவர்கள் குறைவு, பிள்ளைகளை ஹோட்டல் வேலைக்கு விட வீட்டார் விரும்புவதில்லை என்பார்கள். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது.

எமது சமூகத்தில் இந்தத் தயக்கம் பலமானது. மதுபானம் பரிமாறும் இடத்தில் என் பிள்ளை நிற்பதா என்று ஒரு வாப்பா கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் விடுதி என்றால் மதுபானச் சாலை மட்டுமல்ல. சமையலறை, வரவேற்பு, அறைப் பராமரிப்பு, கணக்கு, கொள்வனவு, சலவை, தோட்டம், படகு, வாகனம், வழிகாட்டல் என்று பத்து வாசல்கள் உண்டு. ஒரு வாசலைப் பார்த்துவிட்டு பத்து வாசலையும் பூட்டிக்கொண்டோம். அப்படிப் பூட்டிய அதே பிள்ளை டுபாயில் என்ன வேலை செய்கிறான் என்று நாம் அதிகம் விசாரிப்பதில்லை.

மாலைதீவு தரும் எச்சரிக்கை

கொழும்பில் தெஹிவளைப் பக்கம் போனால் மாலைதீவுக் குடும்பங்களைக் காணலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அவர்கள் இங்கு வருகிறார்கள். எமது பிள்ளைகள் வேலைக்கு அங்கு போகிறார்கள். இரண்டு நாட்டுத் தொழிற்சந்தையும் ஏறக்குறைய ஒன்றுடன் ஒன்று பின்னிப்போய் இருக்கிறது.

மாலைதீவில் முதல் உல்லாசத் தீவு 1972 இல் திறக்கப்பட்டது. 2024 இல் அந்நாட்டுக்கு 20 இலட்சத்துக்கும் அதிகமான பயணிகள் சென்றனர். 2022 குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்வோர் சுமார் 5 இலட்சத்து 15 ஆயிரம் பேர். அதில் கால்வாசிக்கும் மேல் வெளிநாட்டவர். பங்களாதேஷ், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து ஆட்கள் வராவிட்டால் அந்த விடுதிகள் ஒரு நாளும் ஓடாது. தொழிற்சந்தையைத் திறந்துவிட்டதால்தான் சிறிய தீவுக் கூட்டம் ஒன்று இவ்வளவு பெரிய சுற்றுலா நாடாக முடிந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டு ஊழியரின் சம்பளத்தில் பெரும்பங்கு டொலராக நாட்டை விட்டு வெளியேறுகிறது. விடுதித் தீவுகளும் மக்கள் வாழும் தீவுகளும் நீண்டகாலம் தனித்தனியாக இருந்தன. 2009 அளவில்தான் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி திறந்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் அதன் பிறகு சாதாரண குடும்பங்களும் அறை வாடகைக்குக் கொடுத்து, படகு ஓட்டி, சாப்பாடு விற்றுச் சம்பாதிக்கத் தொடங்கின. ஆள் வெளியிலிருந்து வந்தாலும் முதலாளியாகவோ மேற்பார்வையாளராகவோ விநியோகஸ்தராகவோ ஊர்க்காரனுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதே இதில் எமக்குள்ள பாடம்.

தென்கிழக்காசிய நாடுகள் இந்த விஷயத்தில் இன்னொரு அடி முன்னே போயின. ஆசியான் அமைப்பின் அப்போதைய 10 நாடுகளும் 2012 உடன் ஓர் ஏற்பாட்டில் இணைந்தன. வரவேற்பு, அறைப் பராமரிப்பு, சமையல், பரிமாறல், பயண முகவர், சுற்றுலா நடத்துதல் ஆகிய பிரிவுகளில் 32 வகைத் தொழில்களுக்கு ஒரே தரம் வகுத்தார்கள். இந்தோனேசியாவில் பெற்ற சான்றிதழைத் தாய்லாந்து முதலாளி வாசித்து விளங்கிக்கொள்ளலாம். ஆள் போவதைப் போலவே அவனது தகுதியும் கூடவே போகிறது. தகுதிக்கு மதிப்பு இருந்தால் சம்பளமும் அதற்கேற்ப வரும்.

போகும் வேன்

இனி எமது பக்கத்துக்கு வருவோம். 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்து 33 ஆயிரம் பயணிகள் வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னர் மே மாத வருகை முன்னைய வருட மே மாதத்தை விட 70 வீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. அந்த வருடம் உல்லையில் சீசனே இல்லை எனலாம். 2020 இல் கொவிட் வந்தது. 2021 இல் நாடு முழுவதற்கும் வந்த பயணிகள் 2 இலட்சத்தையும் எட்டவில்லை. 2022 இல் டீசல் வரிசை, எரிவாயு வரிசை, மின்வெட்டு. ரூபாவின் பெறுமதி விழுந்தது.

தொடர்ந்து நான்கு சீசன் அடி வாங்கினால் எந்த ஊழியர்தான் காத்திருப்பார்? 2022 இல் மட்டும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து சென்றோர் 3 இலட்சத்து 11 ஆயிரம் பேர். அதே வருடம் கட்டாரில் உலகக் கிண்ணக் காற்பந்து நடந்தது. ஹோட்டல் பயிற்சி உள்ளவனுக்கு அங்கு கதவு திறந்திருந்தது. 2023 இலும் 2024 இலும் இந்த வேகம் பெரிதாகக் குறையவில்லை.

பிறகு பயணிகள் திரும்ப வந்தார்கள். 2024 இல் 20 இலட்சத்து 53 ஆயிரம் பேர். அறை இருந்தது, கட்டில் இருந்தது, சமைக்க ஆள் இல்லை. சுற்றுலா மூலம் அந்த வருடம் நாட்டுக்குக் கிடைத்தது சுமார் 317 கோடி டொலர். வெளிநாட்டில் உழைக்கும் எமது மக்கள் அனுப்பியது சுமார் 657 கோடி டொலர், அதாவது இரண்டு மடங்கு. ஆளை அனுப்பி இரண்டு மடங்கு சம்பாதிக்கும் நாட்டில் ‘போகாதே’ என்று யாருக்கும் சொல்ல முடியாது. ‘திரும்பி வந்தால் இங்கும் வழி உண்டு’ என்று சொல்லக்கூடியதாக இருக்கிறதா என்பதே கேள்வி.

ஆள் இல்லாத இடத்தில் வேறு ஆட்களும் நுழைகிறார்கள். பயணி விசாவில் வந்து கடை நடத்துவது, வகுப்பு எடுப்பது, வாகனம் வாடகைக்குக் கொடுப்பது என்று வெளிநாட்டவர் சிலர் தொழில் செய்வதாகத் தென்கரையிலும் எமது பக்கத்திலும் முறைப்பாடுகள் வந்தன. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று விளம்பரம் செய்யப்பட்ட விருந்தொன்று மக்கள் எதிர்ப்பினால் இரத்தானது. சந்தையைத் திறப்பது வேறு, சட்டமில்லாமல் விடுவது வேறு. உரிமம் எடுத்து வரி கட்டும் உள்ளூர் வியாபாரி, இரண்டும் இல்லாதவருடன் போட்டி போட முடியாது.

மருமகன் கேட்ட கடன்

என் சகோதரியின் மகன் மாலைதீவில் ஆறு வருடம் சமையலறையில் நின்றவன். 2020 இல் கொவிட்டுடன் வீடு வந்தான். கையிலிருந்ததைப் போட்டு உல்லையில் சிறிய உணவுச்சாலை ஒன்றையும் நான்கு அறைகளையும் ஆரம்பித்தான். ஊர்ப் பிள்ளைகளை எடுத்துப் பழக்கினான். வெங்காயம் வெட்டுவதிலிருந்து பயணியிடம் மன்னிப்புக் கேட்பது வரை சொல்லிக் கொடுத்தான். 2023 சீசன் முடிந்ததும் அவன் பழக்கிய சமையற்காரர் இருவர் கட்டாருக்குப் போய்விட்டார்கள்.

2024 இல் மீண்டும் மூவரைப் பழக்கினான். ஒக்டோபர் 23 ஆம் திகதி அறுகம்பைப் பகுதியில் தாக்குதல் நடக்கலாம் என அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரை எச்சரித்தது. பொலிசாரும் படையினரும் குவிந்தார்கள். பயணிகள் பை கட்டினார்கள். முடியும் தறுவாயிலிருந்த சீசன் முடிந்தே போனது.

இரண்டு நாள் கழித்து மருமகன் கடைக்கு வந்தான்.

“மாமா, கொஞ்சம் சல்லி வேணும். மழை முடியும் வரைக்கும் இந்த மூணு பேருக்கும் பாதிச் சம்பளம் கொடுத்து வைக்கணும். இல்லாட்டி இவனுகளும் போயிருவானுகள்.”

“வேலை செய்யாதவனுக்குச் சம்பளமா மகன்? அது வியாபாரமா?” என்று கேட்டேன்.

அவன் கோபப்படவில்லை. “மாமா, நீங்க மழைக் காலத்துல மா மூட்டையை வெளிய எறியிறீங்களா? பலகை போட்டு, படங்கு போட்டு வைக்கிறீங்க. அதுக்குச் செலவு இல்லையா?” என்றான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு சமையற்காரன் போனால் என்ன நட்டம்? புதியவனைப் பழக்க ஒன்றரை மாதம். அந்த ஒன்றரை மாதத்தில் வீணாகும் சாமான், திருப்பி அனுப்பப்படும் சாப்பாடு, பயணிகள் இணையத்தில் எழுதும் குறை, அதைப் பார்த்து வராமல் விடும் அடுத்த பயணி. எல்லாவற்றையும் கூட்டினால் ஆறு மாதப் பாதிச் சம்பளத்துக்குக் கிட்ட வந்தது. ஆனாலும் வருமானம் இல்லாத ஆறு மாதத்தில் அந்தச் செலவைத் தூக்க அவனால் முடியாது, என்னாலும் இலேசாக முடியாது.

அப்போதுதான் அந்த பஸ் என் ஞாபகத்துக்கு வந்தது. “வெலிகமவிலிருந்து இங்க வாறானுகளே, நம்மட பிள்ளைகள் அங்க போனா என்ன?” என்று கேட்டேன்.

மருமகனுக்கு அங்கு ஒரு விருந்தினர் இல்ல உரிமையாளரைத் தெரியும். அவருடைய ஊழியர் இருவர் வருடாவருடம் சீசனுக்கு உல்லை வருபவர்கள். தொலைபேசியில் பேசினோம். எனக்குத் தெரிந்த வியாபாரச் சிங்களம் அன்று உதவியது.

“முதலாளி, உங்கட பிள்ளைகளைச் சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்ப்பேன் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் எழுதித் தருகிறேன்” என்றார் அவர்.

எழுதினோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை எமது மூவரும் அவரிடம். மே முதல் ஒக்டோபர் வரை அவரது இருவரும் எமது மூவருடன் உல்லையில். சீசன் எங்கு நடக்கிறதோ அந்த முதலாளி சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், ஊழியர் சேமலாப நிதி எல்லாம் கொடுக்க வேண்டும். சேவைக் கட்டணமாக அறவிடும் 10 வீதம் அங்கு வேலை செய்பவர்களுக்கே. பஸ் செலவு அனுப்புபவருக்கு. சாப்பாட்டு விஷயமும், மதுபானம் பரிமாற நிர்ப்பந்திக்கக் கூடாது என்பதும் ஒரு வரியாக எழுதப்பட்டது. அவர் அதை வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவரும் ஒரு வரி சேர்த்தார்: நடு சீசனில் விட்டுப் போகக் கூடாது.

கடினமான பகுதி பிள்ளைகளின் வீட்டில் இருந்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்ததை எமது தாய்மார் மறக்கவில்லை. கொத்தில் கிடந்த மாக்கட்டியை மருந்து என்று சொல்லி எவ்வளவு நாசம் நடந்தது! “சிங்கள ஊர்ல என்ட புள்ளைய தனியா விடச் சொல்றீங்களா காக்கா?” என்று ஒரு தாய் என்னைக் கேட்டார். அந்தப் பயத்தைச் சிறிதாக எண்ண நான் தயாரில்லை. நானே பிள்ளைகளுடன் பஸ்ஸில் போய், இடத்தைப் பார்த்து, பக்கத்துப் பள்ளிவாசலில் ஆட்களைப் பழக்கிவிட்டு வந்தேன். வெலிகமவில் எமது மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள் என்பது அந்தத் தாய்க்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

முடிவு என்ன? 2025 ஏப்ரல் கடைசியில் அதே அதிகாலை பஸ்ஸில் நால்வர் இறங்கினார்கள். எமது இருவர், அவரது இருவர். மூன்றாமவனுக்கு இடையில் கட்டார் விசா வந்துவிட்டது, நடு சீசனில் அல்ல, சீசன் முடிந்த பிறகே போனான். அவனை வேனில் ஏற்றிவிட நானும் போனேன். வந்த இருவரும் சிங்களம் சரளமாகப் பேசினார்கள், காலைச் சாப்பாடு மட்டும் ஐந்து வகை புதிதாகப் பழகியிருந்தார்கள். மே முதலாம் திகதி பயிற்சி எதுவும் இல்லாமல் கடை திறந்தது. ஆரம்பச் செலவுக்கு மருமகனுக்கு நான் கொடுத்த கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் கொப்பியில் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது எனக்குப் பயமில்லை.

நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கம் செய்ய வேண்டியவை பல உண்டு. அவை ஒரு புறமிருக்கட்டும். வியாபாரிகளாகிய எமது கையில் உள்ளவற்றை மட்டும் இங்கு சொல்கிறேன்.

முதலாவது, சம்பளத்தை மறைக்காதீர்கள். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2016 இல் 10,000 ரூபாவாக இருந்தது, 2024 இல் 17,500 ஆகி, 2025 இல் 27,000 ஆனது. தொழிற்சந்தை திறந்துவிட்டதால் கட்டார் சம்பளம் என்னவென்று உல்லையில் தட்டுக் கழுவும் பிள்ளைக்கும் தெரியும். எம்மால் கட்டார் சம்பளம் கொடுக்க முடியாது. ஆனால் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் ஒழுங்காகக் கட்டலாம். சேவைக் கட்டணத்தை ஒளிவு மறைவின்றிப் பங்கிடலாம். ஊரில் இருந்துகொண்டே சேமிப்பு வளர்கிறது என்று தெரிந்தவன் அவசரப்பட்டு ஓடமாட்டான்.

இரண்டாவது, அனுபவத்தைச் சான்றிதழாக்குங்கள். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழை வகுப்பில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும் என்றில்லை. வருடக்கணக்கில் வேலை செய்தவரின் திறமையைப் பரீட்சித்து வழங்கும் முறையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து திரும்பிய சமையற்காரர்கள் எத்தனையோ பேர் கையில் திறமையுடனும் பையில் ஒரு காகிதமும் இல்லாமலும் இருக்கிறார்கள். ‘சான்றிதழ் கொடுத்தால் போய்விடுவானே’ என்று சில முதலாளிமார் பயப்படுகிறார்கள். போகிறவன் சான்றிதழ் இல்லாமலும் போவான், குறைந்த சம்பளத்துக்குப் போவான். சான்றிதழுடன் போனவன் திரும்பி வரும்போது மேற்பார்வையாளனாக வருவான்.

மூன்றாவது, மொழி. எமது கிழக்குப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை விடச் சிங்களம் தெரியாததுதான் நாட்டின் மறுபாதித் தொழிற்சந்தையைப் பூட்டி வைத்திருக்கிறது. தென்கரைப் பிள்ளைகளுக்கும் தமிழ் அப்படியே.

நான்காவது, மறு கரையில் ஒரு கூட்டாளியைத் தேடுங்கள். விடுதிக்காரர் மட்டுமல்ல, மரக்கறி வியாபாரியும், சலவைக்காரரும், வாகனம் வாடகைக்குக் கொடுப்பவரும் இதைச் செய்யலாம். ஆளை மாற்றிக்கொள்பவர்கள் நாளை சாமானையும் மாற்றிக்கொள்வார்கள். இப்போது எமது பொத்துவில் தயிரும் கருவாடும் வெலிகமவுக்குப் போகிறது. அது ஒப்பந்தத்தில் எழுதாத இலாபம்.

வெளியூரான் வந்து எமது வேலையைப் பறிக்கிறான் என்று பஸ்ஸைப் பார்த்துக் கோபப்படுவது இலேசு. எமது பிள்ளை எம்மை விட்டுப் போகிறான் என்று வேனைப் பார்த்து அழுவதும் இலேசு. பாதை திறந்துவிட்டது, இனி அதைப் பூட்ட முடியாது. பூட்டவும் கூடாது, பூட்டியிருந்த காலத்தில் நாம் பட்ட கஷ்டம் எமக்குத் தெரியும். திறந்த பாதையில் அடுத்த ஏப்ரலில் வரும் பஸ்ஸில் எமது பிள்ளையும் உழைத்துத் திரும்பி வருகிறானா என்று பார்ப்பதே இனி எமது வேலை. அந்த பஸ்ஸில் இம்முறை எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருப்பேன். நீங்களும் உங்கள் ஊர்ச் சந்தியில் நின்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.